பத்தாயிரத்துக்குள் ஒரு போன், எந்த சிம் போட்டாலும் எடுக்க வேண்டும்

கேள்வி, ஆகஸ்ட் 9, 2025

"அக்கா, அம்மாவுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது. பெரியம்மா பையன் அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அங்கே ஐம்பது டாலருக்கு நல்ல செட் கிடைக்கிறதாம். வாங்கி வருகிறேன், மதுரையில் யாராவது அன்லாக் பண்ணிக் கொடுப்பார்கள் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா? இல்லை, டவுன்ஹால் ரோட்டில் புதிதாகவே எடுத்துவிடலாமா? அம்மா ஊரில்தான் இருக்கிறார்கள், சாப்டூர் பக்கம். எந்த சிம் போட்டாலும் எடுக்க வேண்டும், அதுதான் முக்கியம்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அமெரிக்க செட் வேண்டாம் தம்பி. அவன் டிக்கெட் போட்டுவிட்டான் என்றாலும் இன்றே போன் பண்ணிச் சொல்லிவிடு.

2019-ல் எங்கள் சித்தப்பா மகள் அங்கிருந்து எனக்கு ஒன்று கொண்டு வந்தாள். டப்பா பிரிக்காத புது செட். இங்குள்ள சிம்மைப் போட்டதும் பூட்டைத் திறக்கும் எண்ணைக் கொடு என்று கேட்டது. அங்கே சிம் கம்பெனிகளே போனை விலை குறைத்து விற்கும். அதற்குப் பதிலாகத் தங்கள் சிம்மைத் தவிர வேறு எதுவும் ஓடாதபடி பூட்டிவிடும். குறிப்பிட்ட நாட்கள் அவர்களிடம் ரீசார்ஜ் போட்டு ஓட்டி, பாக்கி எதுவும் இல்லை என்றால்தான் திறந்துவிடுவார்கள். அவளோ வாங்கின வேகத்தில் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிட்டாள்.

நான் விடவில்லை. மேலமாசி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திறந்தே கொடுத்தார். சிம் பெயர் திரையில் வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் போன் பேச முடியவில்லை. நெட் மட்டும் தட்டுத்தடுமாறி வரும், கால் போகாது. ஒரு மாதம் அல்லாடின பிறகுதான் விஷயம் புரிந்தது. சிம் பூட்டு ஒன்று, டவரோடு பேசுகிற அலைவரிசை வேறொன்று. அங்கே விற்கிற மலிவு செட்கள் அந்த ஊர் பேண்டுகளுக்காக, அதாவது எண் போட்டுப் பிரித்த அலைவரிசைகளுக்காகச் செய்தவை: 2, 4, 12, 13, 66, 71. நம் ஊரில் 4ஜி பெரும்பாலும் ஓடுவது 3-லும் 40-லும். என் செட்டில் 5 என்ற பேண்ட் மட்டும் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்தது. அந்த ஒற்றைக் கயிற்றில்தான் என் போன் தொங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு 4ஜி வழியாகவே பேசுகிற வோல்ட்டி வசதி நம் ஊர் சிம்முக்கு அதில் இல்லை. ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது என்பதால் வோல்ட்டி இல்லாத செட்டில் அந்த சிம்மைப் போட்டால் பேச்சே இல்லை.

ஆகவே இங்கேயே எடு. நம் ஊர்க் கடையில் விற்கிற செட் எல்லாமே திறந்ததுதான். 5ஜி என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆகஸ்ட் 11

ஒன்று விட்டுப்போனது. வெளிநாட்டு செட்டுக்கு இங்கே வாரண்டி கேட்டால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற செட்களில் சிம் பூட்டும் பேண்ட் தொந்தரவும் குறைவு. ஆனால் சில கம்பெனி செட்களில் முதல் சிம் அந்த நாட்டு சிம்மாக இருக்க வேண்டும், அதில் ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்ற நாட்டு சிம்மை ஏற்கும். டப்பாவின் மேல் ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும். கொண்டு வருகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14

முந்தாநாள் முழுக்க ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "நம் ஊர்க் கடையில் விற்கிற செட் எல்லாமே திறந்ததுதான்" என்று எழுதினேனே, அது தவறு. என் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா தன் போனை நீட்டி, "வேற சிம் போட்டா ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன், ஜியோபோன் நெக்ஸ்ட்.

2021 தீபாவளிக்கு 6,499 ரூபாய் விலையில் வந்த செட் அது. ஜியோ சிம் இல்லாமல் ஓடாது. அதற்கு முன் 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு கொடுத்த பட்டன் வைத்த ஜியோபோனும், 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத்தும் அப்படியே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சொல்லித்தான் விற்றார்கள். விலை குறைவுக்குக் காரணமே அதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பேரன் இதை அவரிடம் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் பூட்டு நமக்குப் புதிதல்ல. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போன் கொடுத்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் வாங்கினார்கள். சி.டி.எம்.ஏ. செட், அதில் சிம் என்று தனியாகக் கழற்றிப் போட எதுவும் இல்லை. எண்ணும் போனும் ஒட்டிப் பிறந்த மாதிரி. அப்பா அதில்தான் முதன்முதலாக "ஹலோ" சொன்னார். 2008-ல் ஐபோன் 3ஜி இங்கே வந்தபோதுகூட ஏர்டெல், வோடபோன் இரண்டும்தான் விற்றன, பூட்டியேதான் கொடுத்தன. விலையும் 31,000. பூட்டின பொருளுக்கு முழு விலை கொடுக்க நம் ஆட்கள் தயாராக இல்லை. அதனால்தான் இன்றைக்குக் கடையில் தொங்குகிற ஸ்மார்ட்போன்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்தவையாக இருக்கின்றன. ஏறக்குறைய. இந்தச் சொல்லை அன்றைக்கே போட்டிருக்க வேண்டும்.

திறந்த போனுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதே, அப்போது எத்தனை பேர் என் கடைக்கு வந்து பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற்றிக்கொண்டார்கள் தெரியுமா? 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை நாடு முழுக்க இருக்கிறது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். போட்டால் ஒரு குறியீடு வரும், அதை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனியிடம் போக வேண்டும். ஆனால் போன் ஒரே கம்பெனியோடு கட்டுப்பட்டிருந்தால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பி கேட்டிருக்கிறான்: "பத்தாயிரம் போதவில்லை என்றால் மீதிக்குத் தவணை போட்டுக்கொள்ளலாமா?"

போடாதே. கூடவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்.

தங்கை வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சிமெண்ட், கம்பி, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான், எது கிடைத்தாலும். சவாரி எல்லாம் போனில்தான் வரும். போன வருடம் ஒரு கடையில் மாதத் தவணைக்கு ஒரு செட் எடுத்தார். பன்னிரண்டு மாதம், வட்டி இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைக்காரப் பையன் செட்டை ஓட விடும்போதே ஏதோ ஒரு செயலியை ஏற்றினான். "ஃபைனான்ஸ் ஆப்பு அண்ணே, எல்லாருக்கும் போடுறதுதான்" என்றான். இவரும் விட்டுவிட்டார்.

ஏழாவது மாதம் வங்கிக் கணக்கில் நூற்றுச் சொச்ச ரூபாய் குறைந்துவிட்டது, தவணை எடுபடவில்லை. இரண்டு நாள் எச்சரிக்கை வந்ததாம், ஓட்டத்தில் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒத்தக்கடையில் லோடு ஏற்றப் போய் நிற்கிறார், போன் பூட்டிக்கொண்டுவிட்டது. திரை முழுக்கப் பணம் கட்டு என்ற ஒரே அறிவிப்பு. யாரையும் கூப்பிட முடியாது, வரைபடம் திறக்காது, ஜிபே திறக்காது. அந்தப் பணத்தைக் கட்ட வேண்டுமென்றாலும் அந்தப் போனில்தான் கட்ட வேண்டும்! டீக்கடைக்காரர் போனை வாங்கித் தங்கையைக் கூப்பிட்டு, அவள் என்னைக் கூப்பிட்டு, நான் பணம் கட்டி, அது அவர்கள் கணக்கில் ஏறி, போன் திறக்கும்போது மாலை ஐந்து மணி. அன்றைய சவாரி மூன்றும் போயிற்று. கட்ட வேண்டியிருந்த தவணையைவிட அதிகம் அந்த ஒரு நாள் கூலி.

கடன் வாங்கினால் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு மனிதனின் தொழிற்கருவியை முன்னறிவிப்பை அவர் பார்த்தாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் முடக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த செட்டில் எந்த சிம் போட்டாலும் எடுக்கும், ஆகவே பெயருக்குத் திறந்த போன். ஆனால் சாவி வேறு யார் கையிலோ இருக்கிறது. தவணையில் எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "தவறினால் போனைப் பூட்டுவீர்களா?" பதிலை மழுப்பினால் இறங்கி வந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 24

இன்னொரு திருத்தம். "5ஜி என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று முதல் நாள் எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன்.

எங்கள் தெருவில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். "5ஜியில ரெண்டு குடும்பம் இருக்கும்மா" என்றார். ஒன்று தனிக்குடித்தனம், எஸ்.ஏ. என்பார்கள். தனக்கென்று முழு ஏற்பாட்டையும் வைத்துக்கொண்டு 4ஜியின் தயவில்லாமல் ஓடும். இன்னொன்று கூட்டுக்குடும்பம், என்.எஸ்.ஏ. அது 4ஜியின் தோளில் ஏறித்தான் ஓடும். 2022 அக்டோபரில் இங்கே 5ஜி தொடங்கியபோது ஜியோ தனிக்குடித்தனம் போனது, ஏர்டெல் கூட்டுக்குடும்பமாகவே ஆரம்பித்தது.

சரி, அதனால் நமக்கு என்ன? போன வருடம் நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையில் 5ஜி என்பதே பெரிய செய்தி. ஆனால் அதன் சிப்புக்குத் தனிக்குடித்தன முறை மட்டும்தான் தெரியும். ஜியோ சிம் போட்டால் 5ஜி, ஏர்டெல் சிம் போட்டால் 4ஜியோடு நின்றுகொள்ளும். 4ஜி நன்றாகவே ஓடும், பேச்சுக்குக் குறைவில்லை. ஜியோ வைத்திருக்கிறவருக்கு அது நல்ல பேரமும்கூட. ஆனால் "எந்த சிம் போட்டாலும்" என்று தம்பி கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. பூட்டே இல்லாத போனிலும் ஒரு கதவு சாத்தியே இருக்கலாம் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஐயா போகும்போது இன்னொன்று சொன்னார். "அந்தப் பையனோட அம்மா எங்க இருக்காங்க, அங்க எந்த டவர், அதைப் பாக்காம நீங்க எல்லாரும் கடையப் பத்தியே பேசிக்கிட்டிருக்கீங்களே."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டே வந்துவிட்டோம். திருமங்கலத்தில் பஸ் ஏறி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் தாண்டி இறங்கி, அங்கிருந்து தம்பியின் வண்டி. சதுரகிரி மலை வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நிற்கிறது. பார்க்க அவ்வளவு அழகு, சிக்னலுக்கு அவ்வளவு இடைஞ்சல். அம்மா மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பட்டன் போனை மடியில் செருகியிருந்தார்கள். பேச வேண்டுமென்றால் களத்துமேட்டுக்கு ஏறிப் போக வேண்டும், அங்கேதான் டவர் எடுக்கும் என்றார்கள். மழை நாளிலும் அதே களத்துமேடுதான், குடையோடு.

என் பையில் நாலு சிம் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டோம். இரண்டு கம்பெனி சிம் வீட்டுக்குள் வந்ததும் செத்துவிட்டன. ஒன்று வாசலில் எடுத்தது. பி.எஸ்.என்.எல். சிம்மை என் பழைய செட்டில் போட்டால் அடுப்படிக்குள்கூட 4ஜி. அதே சிம்மைத் தம்பியின் போனில் போட்டோம். என் செட்டைவிட இரண்டு மடங்கு விலை, போன வருடம் எடுத்தது. அதில் வெறும் 2ஜி! சிம்மும் அதே, வீடும் அதே, நின்ற இடமும் அதே. எங்கள் இருவருக்கும் தலை சுற்றியது.

அங்கிருந்தே ஐயாவுக்குப் போன் போட்டோம். பி.எஸ்.என்.எல். தன் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸையும் 2100-ஐயும் பயன்படுத்துகிறது. 700 தான் பேண்ட் 28. அலைவரிசை எண் குறையக் குறைய அது தூரம் போகும், சுவரைத் தாண்டும். திருவிழாவில் பக்கத்து ஊரிலிருந்து கொட்டுச் சத்தம் வருகிறது என்று வையுங்கள். உறுமிதான் முதலில் காதில் விழும், நாயனம் கேட்கக் கிட்டே போக வேண்டும். 5ஜிக்கு எல்லோரும் பெருமையாகச் சொல்கிற 3500 மெகாஹெர்ட்ஸ் நாயனம். 700 உறுமி.

"என் போன்லயும் 28 இருக்கே அக்கா" என்று தம்பி பெட்டியின் படத்தை எடுத்துக் காட்டினான். இருந்தது, ஆங்கில 'என்' எழுத்தோடு என்28 என்று. அது 5ஜிக்கான 28. 4ஜி வரிசையில் பி28 இல்லை. ஒரே அலைவரிசைதான், ஆனால் செட் 5ஜிக்கு மட்டும் அதைத் திறந்து வைத்திருக்கிறது, 4ஜிக்கு வைக்கவில்லை. ஜியோ தன் 5ஜிக்கு 700-ஐ வாங்கி வைத்திருப்பதால் புது செட்கள் பலவற்றில் என்28 தவறாமல் இருக்கும். பி28-ஐத் தேடித்தான் பார்க்க வேண்டும். விவரப் பட்டியலில் இரண்டும் தனித்தனி வரியில் வரும். பாதிக் கடைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, போன வாரம் வரை எனக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 10-ல் பேண்ட் 3-ஐயும் 40-ஐயும் சொன்னேன். மதுரைக்குள் அது சரி. சாப்டூருக்கு 28-ஐ முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 1

அம்மா கொய்யாப்பழம் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14

நேற்று டவுன்ஹால் ரோடு. காலை பத்தரைக்குப் போய் மதியம் இரண்டு வரை சுற்றினோம். வாங்கவில்லை, பார்க்க மட்டும்தான். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போனால் பாதிக் கடையில் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் இரண்டு பேர் பொறுமையாகக் காட்டினார்கள்.

பத்தாயிரத்தில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 4 ஜி.பி. ரேம், 64 அல்லது 128 ஜி.பி. இடம், 5000 எம்.ஏ.எச். பேட்டரி. திரை பெரிதாக இருக்கும், ஆனால் தெளிவு எச்.டி.பிளஸ் அளவுதான். அம்மாவுக்கு அது போதும். 128-க்குக் கீழே போக வேண்டாம் என்று நான் சொல்வேன். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளை படமும் சாமி படமும் வந்து வந்தே 64 நிரம்பிவிடும். "8 ஜி.பி. ரேம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே 4+4 என்று இருந்தால் உண்மையான ரேம் நாலுதான். மீதி நாலு சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கினது, வேகத்தில் ரேமுக்குக் கிட்டவும் வராது. சேமிப்பிடம் இ.எம்.எம்.சி.யா யு.எஃப்.எஸ்.ஸா என்று கேளுங்கள். இரண்டாவதுதான் வேகம். ஒரு வருடம் கழித்துப் போன் இழுக்க ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேமராவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இந்த விலையில் எல்லாம் ஒன்றுதான், பகலில் நன்றாக இருக்கும்.

திரையின் வெளிச்சத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. கடைக்குள் குளுகுளு விளக்கடியில் எல்லா செட்டும் பளபளக்கும். நாங்கள் கடைக்காரரைக் கேட்டு, பன்னிரண்டு மணி வெயிலில் வாசலுக்குக் கொண்டு வந்து பார்த்தோம். மூன்றில் ஒன்று வெறும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, தம்பியின் முகம்தான் தெரிந்தது. வயலில் நிற்கிறவருக்கு வெயிலில் தெரியாத போன் எதற்கு? அதை அந்த இடத்திலேயே கழித்தோம்.

அப்புறம் சிம் தட்டு. சில செட்டில் இரண்டு சிம், அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும், இரண்டில் ஒன்றுதான். சிலவற்றில் மூன்றுக்கும் தனித்தனி இடம். சார்ஜர் டப்பாவுக்குள் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஐந்நூறு, ஆயிரம் என்பது சின்னத் தொகை அல்ல.

இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்டேன். ஒரு கடைக்காரர், "அதெல்லாம் யாரு மேடம் பாக்குறா" என்றார். நான் பார்க்கிறேன். இந்த ஜனவரி 1-ல் பழைய ஆண்ட்ராய்டு 4.4 செட்களில் வாட்ஸ்அப் நின்றபோது என் கடையில் வந்து நின்றவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள்தான். போன் நன்றாக இருக்கிறது, பேசுகிறது, பேத்தி முகம் மட்டும் தெரியவில்லை என்று அழுத ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடலுக்கு எத்தனை வருடம் என்று போட்டிருக்கும். இந்த விலையிலேயே நாலு வருடம் கொடுக்கிறவர்களும் உண்டு, இரண்டோடு நிறுத்துகிறவர்களும் உண்டு.

இரண்டு செட்டைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். இரண்டிலும் பி28 இருக்கிறது.

செப்டம்பர் 23

நேற்றிலிருந்து ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதே, போன் விலை இறங்குமா என்று கடையில் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். இறங்காது. பெரிய டி.வி.க்கும் ஏ.சி.க்கும்தான் 28-லிருந்து 18-ஆனது. போன் 2020 ஏப்ரலில் 12-லிருந்து 18-க்கு ஏறியது, இப்போதும் அதே 18. "22 வரை பொறு" என்று நானும் தம்பியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் வீணாகக் காத்திருந்தான், மன்னித்துக்கொள் தம்பி. தீபாவளிக்குக் கடைக்காரர்கள் தாங்களாகக் குறைத்தால்தான் உண்டு.

செப்டம்பர் 28

நேற்று பி.எஸ்.என்.எல். தன் சொந்த நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை நாடு முழுக்க முறையாகத் தொடங்கிவிட்டது. 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள் என்று செய்தியில் சொன்னார்கள். ஐயா லட்டு வாங்கி வந்து கொடுத்தார். முப்பத்து மூன்று வருடம் கம்பம் ஏறி ஒயர் இழுத்த மனிதர், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேண்ட் 28-ஐப் பற்றி நான் இவ்வளவு எழுதியது இனி மலையடிவாரத்துக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பி.எஸ்.என்.எல். வைத்திருக்கிற எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் 5

மேலூரிலிருந்து ஒரு தங்கை கேட்கிறாள்: பத்தாயிரத்துக்குப் புதிதாக எடுப்பதற்குப் பதில், அதே பணத்தில் இருபதாயிரத்து செட்டைப் பழையதாக எடுத்தால் என்ன?

எடுக்கலாம். நானே இரண்டு எடுத்திருக்கிறேன், ஒன்று இன்னும் ஓடுகிறது. ஆனால் பழைய செட்டில் பூட்டு வேறு வேறு வடிவத்தில் வரும். முதலில் *#06# அடித்து, வருகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் டப்பாவிலும் பில்லிலும் அதேதானா என்று பார். பிறகு ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பு. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது ஒன்று, பதிலில் வருவது வேறொன்று என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. அது திருட்டுப் போனாக இருந்து, பறிகொடுத்தவர் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் பதிந்து முடக்கியிருந்தால் எந்த கம்பெனி சிம்மும் அதில் ஓடாது. நீ பணம் கொடுத்து வாங்கினது என்றாலும் ஓடாது.

அடுத்தது கூகுள் கணக்கு. பழைய உரிமையாளர் தன் கணக்கை எடுக்காமலே அழித்துக் கொடுத்தால், ஓட ஆரம்பிக்கும்போது அவருடைய மெயிலும் கடவுச்சொல்லும் கேட்கும். கடையில் இதை எஃப்.ஆர்.பி. லாக் என்பார்கள். "அது அஞ்சு நிமிஷ வேலை, உடைச்சுக்கலாம்" என்று எவராவது சொன்னால் அந்த செட்டைத் தொடாதே. விற்கிறவரே உன் எதிரில் கணக்கை எடுத்து, முழுசாக அழித்து, மறுபடி ஓடவைத்து, உன் சிம்மைப் போட்டுப் பேசிக் காட்ட வேண்டும். இரண்டு சிம் இடத்திலும். சார்ஜர் செருகியும். காதில் வைத்தால் திரை அணைகிறதா என்றும். தவணை பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, ஃபைனான்ஸ் செயலி உள்ளே இல்லை என்பதையும் பார்த்துக்கொள்.

பில் இல்லை என்றால் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

அக்டோபர் 12, ஞாயிறு

வாங்கிவிட்டோம்! 9,750 ரூபாய், பில்லோடு, ரொக்கத்துக்கு. விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக் கூட்டம், நடக்க இடமில்லை. மாடல் பெயரைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சொல்லாமல் விடுவது ஒளிப்பதற்காக அல்ல. ஆறு மாதத்தில் அந்த மாடல் போய்விடும், அதன் பெயரிலேயே வேறு சிப் வைத்து இன்னொன்று வரும், பெயரை நம்பிப் போய் ஏமாறுவீர்கள். 4 ஜி.பி. உண்மையான ரேம், 128 ஜி.பி., 4ஜியில் 1, 3, 5, 8, 28, 40, 41 பேண்டுகள், 5ஜி இரண்டு முறையும், நாலு வருட அப்டேட், வெயிலில் தெரிகிற திரை. சார்ஜர் இல்லை, தம்பியின் பழையது ஒன்று சேர்ந்துகொண்டது.

கடையிலேயே நாலு சிம்மையும் போட்டுப் பேசிப் பார்த்தோம். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவரே சிம் பின்னை எடுத்துக் கொடுத்து, ஏன் பார்க்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பி28, என்28 வித்தியாசத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஒன்று கவனியுங்கள். புதுப் போனில் யு.பி.ஐ. செயலி போடும்போது அது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். அந்த சிம்மில் எஸ்.எம்.எஸ். போகிற அளவுக்கு ரீசார்ஜ் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இது தெரியாமல் முக்கால் மணி நேரம் போராடினோம்.

நவம்பர் 9

தீபாவளி முடிந்து மூன்று வாரம். போன் எப்படி இருக்கிறது என்று தம்பியைக் கேட்டேன். அடுப்படியில் எடுக்கிறது, மாட்டுக் கொட்டகையில் எடுக்கிறது, மழை நாளில் ஒருமுறை மட்டும் 2ஜிக்கு இறங்கியது. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறியதை அம்மாவே பார்த்துக்கொண்டார்களாம். எழுத்தைப் பெரிதாக்கித் தமிழில் வைத்துக் கொடுத்திருக்கிறான்.

ஆனாலும் அவனிடம் பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு களத்துமேட்டுக்குத்தான் போகிறார்களாம். "வீட்டுக்குள்ளேயே எடுக்குதேம்மா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அங்கே நின்று பேசினால்தான் பேசின மாதிரி இருக்கிறது என்கிறார்களாம்.